பத்து வயதானால் வெளியே போக வேண்டுமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. வாட்ஸ்அப்பில் போட்டால் "சார் மறுபடியும் பாடம் ஆரம்பிச்சுட்டாரு" என்று யாரும் திறக்க மாட்டீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் போன வாரம் சங்கத்திலிருந்து ஒரு சர்க்குலர் வந்தது. லிஃப்ட் பக்கத்திலும் ஒட்டியிருக்கிறார்கள். பத்து ஆண்டுக்கு மேல் பழைய வாஷிங் மெஷின்கள் அதிக இரைச்சலும் அதிர்வும் உண்டாக்குகின்றனவாம். ஆகவே இந்த மாதக் கடைசிக்குள் மாற்றிவிட வேண்டும். மாற்றாவிட்டால் மெயின்டனன்ஸோடு சேர்த்து மாதம் 500 ரூபாய் அபராதம்.

இங்கே இருப்பது 24 வீடுகள். பத்து வருடத்துக்கு மேற்பட்ட மெஷின் எத்தனை என்று விசாரித்துப் பார்த்தேன். மூன்று. அதில் இரண்டு வீட்டார் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள், அவர்களுக்குச் சிரமமில்லை. மூன்றாவது மெஷின் எனக்கு நேர் மேலே, மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிற ஒரு அம்மாவுடையது. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவர். காலையில் ஒன்பது மணிக்குப் போனால் ராத்திரி பத்துக்குத்தான் வருவார், நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய செமி ஆட்டோமேட்டிக், ஒரு பக்கம் துவைக்கிற தொட்டி, மறுபக்கம் பிழிகிற டிரையர். காலையில் ஆறு மணிக்குப் போட்டு எட்டுக்குள் காயப்போட்டுவிட்டுக் கிளம்புவார். சர்க்குலரில் பெயர் இல்லை. ஆனால் யாரை நினைத்து எழுதியது என்று 24 வீட்டுக்கும் தெரியும்.

இதைக் குடும்பக் குரூப்பில் சொன்னேன். தங்கை மகன் உடனே எழுதினான்: "மாமா, பழைய மெஷின்னா சத்தம்தான். இதுல விவாதிக்க என்ன இருக்கு?" இன்ஜினியரிங் படித்தவன். விவாதிக்க நிறைய இருக்கிறது மாப்பிள்ளை, உட்கார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழையது எல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. 1937-இல் அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் வீட்டு உபயோகத்துக்கு ஒரு ஆட்டோமேட்டிக் மெஷினைக் கொண்டுவந்தது. அதை போல்ட் போட்டுத் தரையோடு இறுக்கித்தான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் துணி பிழியும்போது இருந்த இடத்தில் நிற்காது. ஸ்பிரிங்கில் தொட்டியைத் தொங்கவிடுவது, கான்கிரீட் கட்டியை உள்ளே மாட்டி எடை ஏற்றுவது, ஆட்டத்தை உறிஞ்சும் டேம்பர் வைப்பது எல்லாம் இந்தச் சிக்கலுக்காகச் சேர்ந்த ஏற்பாடுகள். அந்த முன்னேற்றத்தை நான் மறுக்கவில்லை. மெஷினின் வயதைக் கேட்டால் சத்தம் தெரிந்துவிடும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு முதல் மெஷின் 1991-இல் தவணையில் வந்தது. அதுவும் இரட்டைத் தொட்டிதான். துவைக்கும்போது "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம், ஒரு நிறுத்தம், மறுபக்கம் திரும்பி மறுபடி "ம்ம்ம்". நடுவே டைமர் குமிழின் டிக் டிக். பக்கத்து அறையில் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன், இடைஞ்சலாக இருந்ததே இல்லை. டிரையர்தான் வேறு ரகம். சரியாக அடுக்கினால் "உஸ்ஸ்" என்று காற்று மாதிரி போகும். ஒரு போர்வையைச் சுருட்டி ஒரு பக்கமாகத் திணித்தால் தடதடவென்று சுவரை இடிக்கிற மாதிரி அடிக்கும். மூடியைத் தூக்கினால் பிரேக் பிடித்து ஒரு கீச்சல். உங்கள் டீச்சரம்மா சமையலறையிலிருந்தபடியே அந்தச் சத்தத்தை வைத்து, "இன்னிக்கு யாரு துணி போட்டது?" என்று கேட்டுவிடுவாள். பெரும்பாலும் நான்தான்.

இரண்டாவது மெஷின் தொண்ணூறுகளின் கடைசியில் வந்த ஃப்ரண்ட் லோடு. நிறைய விலை, அன்றைக்கு அதுதான் நவீனம். துவைக்கும்போது அமைதி. பிழிய ஆரம்பித்தால் டிவியில் செய்தி கேட்காது. எட்டு வருடம் இளைய மெஷின், ஆனால் சத்தம் அதிகம். ஏன்?

மாணவர்களே, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்படி சொல்கிறேன். வீட்டில் மின்விசிறி இருக்கிறது, மிக்ஸி இருக்கிறது. இரண்டிலும் மோட்டார். விசிறியில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். கார்பன் பிரஷ் கிடையாது, உரசல் கிடையாது, லேசான ரீங்காரம் மட்டும். மிக்ஸியில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார். வேகம் எக்கச்சக்கம், கத்தலும் எக்கச்சக்கம். பழைய செமி ஆட்டோமேட்டிக்கில் இருக்கிற இரண்டு மோட்டாரும் விசிறி ஜாதி. தொண்ணூறுகளில் வந்த ஃப்ரண்ட் லோடுகளில் பெரும்பாலும் மிக்ஸி ஜாதி. டிரம் 1,000 சுற்று சுற்ற வேண்டுமென்றால் பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் மோட்டார் 10,000 சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். அந்தக் கீச்சுக் குரல்தான் செய்தியை அமுக்கியது. இப்போது வருகிற இன்வெர்ட்டர் மெஷின்களில் பிரஷ் இல்லை, அந்தக் கத்தலும் இல்லை. ஆக 1991 அமைதி, 1999 இரைச்சல், இன்று மறுபடி அமைதி. இதில் வயதை வைத்து எந்த நேர்கோட்டை வரைவீர்கள்?

இதெல்லாம் காற்றில் வருகிற சத்தம். ஒரு கதவைச் சாத்தினால் பாதி போய்விடும். அடுக்குமாடியில் சண்டை வருவது இதனால் அல்ல, தரை வழியாகப் போகிற சத்தத்தால்.

இசைக்கவை சோதனை ஞாபகம் இருக்கிறதா? ரப்பர் கட்டையில் தட்டிக் கையில் பிடித்தால் காதருகே வைத்தால்தான் கேட்கும். அதன் காம்பை மேசையில் ஊன்றினால் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும். கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் அதற்குத்தான் எழுந்தீர்கள். கவை அதேதான், தட்டியதும் அதேதான். சத்தத்தை மாற்றியது மேசை. வாஷிங் மெஷினும் அப்படித்தான். நம் ஊரில் மெஷின் வாங்கின கையோடு சக்கரம் வைத்த இரும்பு ஸ்டாண்டு ஒன்றையும் வாங்கி அதன்மேல் ஏற்றிவிடுகிறோம், கீழே பெருக்க வசதி என்று. நாலு சக்கரத்தில் ஒன்று தரையைத் தொடாது. அது ஒரு மேசை. கீழ்வீட்டுக் கூரை இன்னொரு மேசை.

இப்போது கணக்கு. ஒரு ஈரத் துண்டு, 300 கிராம், ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பழைய டிரையர் சுமார் 1,400 சுற்று. அதன் கூடை சின்னது, ஆரம் 11 சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். m, ஒமேகா ஸ்கொயர், r போட்டுப் பாருங்கள். சுமார் 70 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. புது ஃப்ரண்ட் லோடில் 1,200 சுற்று, ஆனால் டிரம் பெரிது, ஆரம் 24 சென்டிமீட்டர். அதே துண்டு சுமார் 115 கிலோவுக்கு இழுக்கும், வினாடிக்கு 20 தடவை. வேகம் குறைவாக இருந்தும் இழுப்பு அதிகம். புது மெஷின் இவ்வளவையும் தாங்கி அமைதியாக இருப்பது உள்ளே இருக்கிற ஸ்பிரிங், டேம்பர், எடைக்கட்டி இவற்றின் புண்ணியம். அவை வேலை செய்யாவிட்டால் புதுசுதான் பெரிய அரக்கன்.

வேலை செய்யாமல் போகுமா என்று கேட்பீர்கள். போகும். என் வீட்டிலேயே போயிற்று.

இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். மூன்று மாதம் முன்பு மகளும் மாப்பிள்ளையும் எனக்குப் புது ஃப்ரண்ட் லோடு வாங்கிக் கொடுத்தார்கள். இன்வெர்ட்டர் மோட்டார், முடிந்ததும் ஒரு பாட்டு வேறு பாடும். மாட்டிக் கொடுக்க வந்த பையனுக்கு அன்றைக்கு இன்னும் ஐந்து வீடு பாக்கி. குழாயை இணைத்தான், கையெழுத்து வாங்கினான், போய்விட்டான். அன்றிலிருந்து பிழியும்போது மெஷின் அதிர்ந்தது. 1,200 சுற்று அல்லவா, இப்படித்தான் இருக்கும்போல என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். முப்பத்து நாலு வருடம் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவன்.

முதல் மாடிக்காரர் சங்கத்தில் புகார் கொடுத்தார்: காலை ஆறு மணிக்குக் கட்டில் அதிர்கிறது. எல்லாரும் மூன்றாம் மாடியைப் பார்த்தார்கள். அவர் வீட்டுக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நான் இருக்கிறேன், நானும் ஆறு மணிக்குத்தான் போடுகிறேன். என்னை ஒருவரும் கேட்கவில்லை, என்னுடையது புது மெஷின் அல்லவா! இன்னும் வெட்கம், நானும் மேலே நிமிர்ந்துதான் பார்த்தேன்.

என் பழைய மாணவன் ஒருவன் இந்த ஊரிலேயே வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறான். அரையாண்டுத் தேர்வில் நான் ஃபெயில் போட்டவன். வேறு வேலையாக வந்தவன் சத்தத்தைக் கேட்டுவிட்டு மெஷினுக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தான். சிரித்தான். "சார், டிரான்ஸிட் போல்ட்டே கழட்டல." லாரியில் வரும்போது டிரம் ஆடாமல் இருக்கப் பின்பக்கம் போடுகிற போல்ட்டுகள் அவை. மெஷினை ஓட்டுவதற்கு முன் கழற்றியே ஆக வேண்டும். கழற்றாவிட்டால் ஸ்பிரிங்கும் டேம்பரும் இருந்தும் இல்லாததுதான். 115 கிலோவும் நேராகத் தரைக்கு. நாலு போல்ட்டையும் கழற்றி என் கையில் கொடுத்தான். ஃபெயில் போட்டதற்கு அன்று கணக்கு தீர்ந்தது.

அது திங்கட்கிழமை. வியாழக்கிழமை லிஃப்ட்டில் முதல் மாடிக்காரர் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்: "ஒரு வழியா மேல் வீட்டம்மா மெஷினை மாத்திட்டாங்க போல சார். இப்ப நிம்மதியா தூங்கறேன்."

அந்த அம்மா எதையும் மாற்றவில்லை. வியாழன் காலையிலும் அதே மெஷின்தான் ஓடியது. அங்கேயே, லிஃப்ட்டிலேயே, உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பெரிய மனதோடு சிரித்துவிட்டார்.

அடுத்த ஞாயிறுதான் அதே மாணவனை மேலே அனுப்பினேன். (சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், நினைவிருக்கட்டும்.) அவர் மெஷினிலும் குறை இருந்தது. ஸ்டாண்டில் ஒரு சக்கரம் உடைந்திருந்தது. ஸ்டாண்டை எடுத்துவிட்டுத் தரையில் சமமாக வைத்து, காலுக்கடியில் தடித்த ரப்பர் துண்டுகள் வைத்தான். ரப்பருக்குக் காசு வாங்கினான், வேலைக்கு வாங்கவில்லை. டிரையரில் துணியைச் சுற்றிலும் சமமாக அடுக்கி, மேலே அமுக்குகிற பிளாஸ்டிக் தட்டைப் போடச் சொன்னான். அந்தத் தட்டு வாங்கும்போதே இல்லையாம். அவனே ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். இப்போது என் கூரையில் ஒரு முனகல்தான் கேட்கிறது.

இவ்வளவையும் செகரட்டரியிடம் போய்ச் சொன்னேன். "நீங்க சொல்றது சரிதான் சார். ஆனா சர்க்குலர் போட்டாச்சே" என்றார். "ஒரு அளவுகோல் வேணும்ல சார், வயசுதான் ஈஸி" என்றும் சொன்னார். நானும் எழுபத்திரண்டு வயதுக்காரன் என்பதை அவருக்கு நினைவுபடுத்தினேன்.

அளவுகோல் வேண்டுமென்றால் இருக்கிறது. ஐரோப்பாவில் 2021 முதல் வாஷிங் மெஷின் லேபிளில், பிழியும்போது எழும் சத்தத்தை டெசிபலில் அச்சடித்தாக வேண்டும். 73-க்குக் கீழே இருந்தால் ஏ. அதுவும்கூட சோதனைச் சாலையில் முறையாக நிறுத்திய மெஷினின் எண். போல்ட் கழற்றாத என் மெஷின் பெட்டியில் என்ன எண் இருந்தாலும் முதல் மாடிக்காரருக்கு என்ன பயன்? போனில் ஆப் போட்டு அளக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஒரே போனை ஒரே இடத்தில் வைத்து முன்னும் பின்னும் ஒப்பிட அது உதவும். அபராதம் போட உதவாது.

இன்னொன்றும் மனதில் ஓடுகிறது. எங்கள் அம்மா விடியற்காலை ஐந்து மணிக்குத் துவைக்கல்லில் வேட்டியை ஓங்கி அடிப்பார். தெரு முழுக்க அந்தச் சத்தம் வீட்டுக்கு வீடு கேட்கும். அதற்கு எவரும் நோட்டீஸ் ஒட்டியதில்லை. வீட்டு ஆண்கள் அதைக் கேட்டபடியே இன்னொரு தூக்கம் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் கேட்கப் போவது இதுதான். வயது வரம்பை எடுத்துவிடுங்கள். காலை ஆறு மணிக்கு முன்பும் இரவு பத்தரைக்குப் பின்பும் பிழிய வேண்டாம் என்று எல்லாருக்கும் பொதுவாக வையுங்கள், புது மெஷினுக்கும் சேர்த்து. புகார் வந்தால் முதலில் அந்த வரிசையில் இருக்கிற எல்லா வீட்டிலும் பாருங்கள்: ஸ்டாண்டு இருக்கிறதா, நாலு காலும் தரையில் படுகிறதா, போல்ட் கழற்றியாயிற்றா, டிரம்மைக் கையால் சுற்றினால் கரகரவென்று பேரிங் சத்தம் வருகிறதா. நம் போர் தண்ணீருக்கு அந்தக் கரகரப்பு புது மெஷினுக்கும் சீக்கிரமே வரும். அதன் பிறகும் தீராவிட்டால் பேசுவோம். என் மாணவன் அரை நாள் வந்து 24 வீட்டையும் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். அதற்கான கூலியை நான் கொடுத்துவிடுகிறேன். மூன்று மாதம் கட்டிலை ஆட்டியவன் நான்தானே.

தங்கை மகனுக்குத் தனியாக ஒன்று. உங்கள் வீட்டு ஃப்ரண்ட் லோடு போன தீபாவளிக்கு வந்தது. பிழியும்போது அது குளியலறை வாசல் வரைக்கும் நடந்து வருகிறது என்று உன் மனைவி என்னிடம் சொன்னாள். இன்று சாயங்காலம் அதன் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

கூட்டம் ஞாயிறு காலை பத்தரை மணி, கார் பார்க்கிங்கில். நாலு போல்ட்டையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.