கரையில் உறுமும் இன்ஜின்

"வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அரை மணி நேரம் ஓடவிட்டாப் போதும், இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாது." கடலூர் தேவனாம்பட்டினம் முதல் சிதம்பரத்தை அடுத்த முடசல்ஓடை வரை, அவுட்போர்டு மோட்டார் வைத்திருப்பவர்களிடம் வேரூன்றிப்போன நம்பிக்கை இது. பெட்ரோல் கெட்டுப்போகாது, பழசின் மேலேயே புதுசை ஊற்றிக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. ஆளை நடுக்கடலில் தவிக்கவிடும் தவறு.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும்போதெல்லாம் படகுகள் கரையேறுகின்றன. டேங்கில் பெட்ரோல் அப்படியே கிடக்கிறது. இன்ஜினைச் சட்டென்று கிளப்புவது பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதிதான். அதுதான் முதலில் பறந்துபோகும். மிச்சம் காற்றோடு வினைபுரிந்து பிசினாகும். போதாக்குறைக்கு இன்று பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அவுட்போர்டு கையேடுகள் பலவும் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்கரைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? நீர் அளவை மீறினால் அது எத்தனாலோடு சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். இன்ஜின் உறிஞ்சுவதோ அடியிலிருந்துதான். மேலே புதுசை ஊற்றி என்ன பயன்?

இப்படிக் கிடந்த இன்ஜினின் கார்பரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினால் வார்னிஷ் நெடி அடிக்கும். அடியில் பழுப்புப் பிசின் படிந்திருக்கும். ஜெட்டின் துளையோ மயிரிழை அகலம். அதை அடைக்க ஒரு துளி போதும்.

இந்தப் பெட்ரோலில்தான் அரை மணி நேரம் சும்மா ஓடவிடுகிறார்கள். தாழ்ந்த வேகத்தில் எரியறைக்குப் போதிய சூடு ஏறாது. பிளக்கில் கரி பிடிக்கும். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயில் எரியாமல் தேங்கி, நாளடைவில் பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் எரியாத பெட்ரோல் ரிங்கைத் தாண்டி இறங்கி ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஊற்றாமலே ஆயில் மட்டம் கூடியிருந்தால் அதை மோந்து பாருங்கள், பெட்ரோல் வாடை வரும். மணலில் தண்ணீரின்றி ஓட்டுவது எல்லாவற்றிலும் மோசம்: வாட்டர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும்.

இடையிடையே ஓட்டுவது நல்லதுதான், ஆனால் தண்ணீரில், சுமையோடு ஓட்ட வேண்டும். பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டின் குறுகலான கால்வாய்களில் மெதுவாகப் போவதைத் தவிர வழியில்லை. அகன்ற நீர்ப்பரப்புக்கு வந்ததும் சில நிமிடம் வேகமெடுத்தால் படிந்த கரியில் கொஞ்சமாவது எரிந்து வெளியேறும்.

மீன்வளத் துறை இதைக் கிராமம் கிராமமாகச் செய்து காட்ட வேண்டும். அதுவரை படகுக்காரர்கள் காத்திருக்கத் தேவையில்லை. படகைக் கரையேற்றும் முன், தண்ணீரில் இருக்கும்போதே பெட்ரோல் குழாயைக் கழற்றி, கார்பரேட்டர் காலியாகி இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பிறகு உப்பு போக நல்ல தண்ணீரில் இன்ஜினைக் கழுவுங்கள். ஒரு மாதம் தாண்டிய பெட்ரோலோடு கடலுக்குப் போகாதீர்கள்.