ஆலை வரவில்லை, ஆலை நஞ்சு வந்தது!

"குடித்தான், மாண்டான், அதற்கு நாடு ஏன் அழவேண்டும்? அரசு ஏன் 10 இலட்சம் தரவேண்டும்?" 2024 ஜூன் திங்களில், கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் 60-க்கும் மேற்பட்டோர் நச்சுச் சாராயத்துக்குப் பலியானபோது, மாடிவீட்டு மேதாவிகள் சிலர் தொடுத்த வினா இது. பிணம் எரிந்து தணியுமுன் பழி சுமத்திய அந்தப் பண்பாளருக்கு விடை கூறியாக வேண்டும். அந்த விடை, சென்னையின் பழைய ஆலைப் பகுதியாம் பெரம்பூரிலே கிடக்கிறது. அங்கு சென்று திரும்புவோம், வாருங்கள்.

1876-இல் அங்கே பக்கிங்காம் ஆலை எழுந்தது. சில ஆண்டுகளில் கர்நாடிக் ஆலை எழுந்தது. வெள்ளையரின் பின்னி கம்பெனி ஆண்ட அந்த ஆலைகளிலே, சோறுண்ணவும் போதிய நேரமின்றி உழைத்தான் தமிழன். குனிந்து உழைத்தவன் ஒருநாள் நிமிர்ந்தான். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைமை ஏற்றார்; திரு.வி.க. தோள் கொடுத்தார். 'கூலி' என்று ஏசப்பட்டவன் 'தொழிலாளி' என்று தலைநிமிர்ந்தான்!

ஆனால், 1921-இல் நடந்தது என்ன? பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. ஆதித்திராவிடத் தொழிலாளர் ஒருபுறம், ஏனையோர் மறுபுறம் எனப் பிளவு விழுந்தது. புளியந்தோப்பிலே குடிசைகள் எரிந்தன. துப்பாக்கி முழங்கிற்று. போராட்டம் தோற்றது. வென்றவர் யார்? ஆதித்திராவிடரா? அல்லர். மற்றவரா? அல்லர். வென்றது முதலாளித்துவம், அதற்கு வாள் தீட்டிக் கொடுத்தது சாதி!

1996-இல் ஆலை மூடப்பட்டது. தறியோசை கேட்ட மண்ணிலே இன்று வானளாவும் குடியிருப்புகள். மண்ணுக்கு விலை ஏறிற்று. அந்த மண்ணிலே உழைத்தவன் வியர்வைக்கு விலை ஏறிற்றா?

இனிக் கருணாபுரம் திரும்புவோம். அங்கே ஆலை இல்லை. சங்கு ஊதவில்லை. நாள் விடிந்தால் வேலை தேடும் அன்றாடக் கூலிகள்; மூட்டை சுமந்த முதுகுகள். கேட்க ஒரு சங்கமுண்டா? நோய்க்கு விடுப்புண்டா? முதுமைக்கு ஊதியமுண்டா? ஏதுமில்லை. ஆலையின் நன்மை எதுவும் அந்தத் தெருவுக்கு வரவில்லை. ஆலையின் நஞ்சு மட்டும் வந்தது! மெத்தனால், தொழிற்சாலைகளுக்கான வேதிப்பொருள். உடலுக்குள் சென்றால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணொளியைப் பறிக்கும். பின் உயிரைப் பறிக்கும். அது கருணாபுரத்து அடுப்பிலே காய்ந்ததன்று. எங்கோ ஒரு தொழிற்கூடத்துக்குரியது, கணக்கிலிருந்து நழுவி, காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் தெருவுக்குள் நுழைந்தது. 2023 மே திங்களில் மரக்காணத்தருகேயும் செங்கற்பட்டுப் பகுதியிலும் 20-க்கும் மேற்பட்டோரை இதே மெத்தனால் கொன்றது. ஓராண்டு எச்சரிக்கை! யார் செவியில் ஏறிற்று?

"குடித்தது அவன் குற்றமல்லவா?" என்பீர். குடி கேடு, மறுக்கவில்லை. ஆனால் குடிப்பவன் கையில் நஞ்சைக் கொடுத்தவன் குற்றமோ? அதைக் கண்டும் காணாதிருந்தவன் குற்றமோ? 2024 ஜூன் திங்களிலேயே சட்டம் திருத்தி, ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி செய்தனர். நன்று! ஆனால் சட்டம் பிணத்தின் பின்னே நடக்கிறது. நீதி முன்னே நடக்கவேண்டும். ஆலை வாயிலிலேயே ஒவ்வொரு பீப்பாய் மெத்தனாலுக்கும் கணக்குக் கேட்கவேண்டும். அன்றாடக் கூலிக்கு நிலையான வேலை கேட்கவேண்டும்.

யார் கேட்பது? நாம்தான், தோழர்களே! தேர்தல் வரும்போது மட்டும் அத்தெருவுக்குள் நுழைவது தோழமையன்று. சுமை தூக்குவோரை, கட்டிட வேலை செய்வோரை, சேரியென்றும் ஊரென்றும் பிரியாமல் ஒரே சங்கத்தில் இணையுங்கள். 1918 கற்பித்தது ஒற்றுமையின் வலிமை. 1921 கற்பித்தது பிளவின் விலை. இரண்டையும் மறந்தால், ஏழையை நாடு எண்ணுவது பிணவறையில் மட்டுமே. உயிரோடிருக்கும்போதே அவனை எண்ணவைப்போம்!