உடம்பினுள் ஒரு காவற்காரன்

புற்றுநோய் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் வீடே கலங்கிப் போகிறது. வெளியிலிருந்து வரும் கிருமியானால் அந்நியன் என்று அறிந்து எதிர்க்கலாம். இதுவோ நம் சொந்த உயிரணுவே துரோகியாக மாறிக் கட்டுக்கடங்காமல் பெருகுவது. வீட்டுத் துரோகியைக் கண்டுபிடிப்பவர் யார்?

இதற்கு இயற்கையே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. 1975-ஆம் வருஷம் ஸ்வீடன் தேசத்தில் கீஸ்லிங், கிளைன், விக்ஸெல் என்னும் மூவர் சுண்டெலிகளைக் கொண்டு ஆராய்ந்தனர். வெள்ளை அணுக்களில் ஒரு வகை, முன் பழக்கம் எதுவுமின்றியே புற்றணுக்களைக் கொல்வதைக் கண்டனர். அதற்கு ‘இயற்கைக் கொலையணு’ என்று பெயர் வழங்கலாயிற்று.

இக்காவற்காரன் வேலை செய்யும் விதம் விசித்திரமானது. நமது உயிரணுக்கள் ‘நான் இவ்வீட்டைச் சேர்ந்தவன்’ என்பதற்கு அடையாளமாக ஒரு முத்திரை தரித்திருக்கின்றன. மற்றொரு வகை வெள்ளை அணுக்கள் அம்முத்திரையை வைத்தே குற்றவாளியைக் கண்டுகொள்கின்றன. ஆகையால் தந்திரமுள்ள புற்றணு முத்திரையைக் கழற்றி எறிந்து அவற்றை ஏமாற்றிவிடுகிறது. ஆனால் நம் காவற்காரனோ முத்திரை இல்லாதவனைத்தான் சந்தேகிப்பான். கெட்ட குறிகளும் தென்பட்டால், அவ்வணுவின் மேலுறையில் துளையிட்டு நஞ்சைச் செலுத்திவிடுவான்.

அப்படியானால் நோய் ஏன் வளர்கிறது? காவலர்கள் சிலரே, புற்றின் அருகே அவர்கள் பலமும் குன்றிவிடுகிறது. எனவே வைத்தியர்கள் இவ்வணுக்களை வெளியே வளர்த்து நோயாளிக்குச் செலுத்திப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து எம்.டி. ஆண்டர்சன் ஆஸ்பத்திரியில், பிரசவத்தின்பின் வீணாகப் போகும் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து இவற்றை எடுத்து, புற்றணுவை இனங்காணும் கருவி ஒன்றையும் மரபணு வழியே பொருத்தினார்கள். 2020-இல் வெளியான முடிவின்படி, ரத்தம், நிணநீர் சம்பந்தமான புற்றுநோயுடைய 11 பேரில் 8 பேருக்குக் குணம் தெரிந்தது. அவர்களில் 7 பேரிடம் நோயின் அடையாளமே மறைந்தது. பிறர் அணுவாயிருந்தும் நோயாளியின் தேகத்தை அது தாக்கவில்லை.

எனினும் அவசரப்பட்டு மகிழலாகாது. 2024-இல் வெளியான 37 பேரின் விவரப்படி, ஏறக்குறையப் பாதிப் பேருக்கே பலன் கிட்டியது. ஒரு வருஷம் நோய் முற்றாமல் இருந்தவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கினர். நுரையீரல், கல்லீரல் முதலியவற்றில் கட்டியாகத் திரளும் புற்றினுள் இவ்வணுக்கள் நுழைவதே கடினம். இச்சிகிச்சை இன்னும் பரீட்சை நிலையிலேயே இருக்கிறது.

ஆகவே, இதனால் நிச்சயம் குணமாகும் என்று சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்பி, ரண சிகிச்சையையும் மருந்தையும் ஒத்திப்போட வேண்டாம். துரோகியைப் பிடிக்கக் காவலன் வருகிறான் என்பது மெய். அவன் வரும்வரை கதவைத் திறந்து வைத்திருப்பது விவேகமாகாது.