கூட்டாளியா, கூலியாளா?

1994இல் ஜோர்ஜியா, நேட்டோ இராணுவக் கூட்டின் 'சமாதானத்துக்கான பங்காண்மை'யில் இணைந்தது. பெயர் இனிக்கிறது, பங்கு எங்கே? 2008 ஏப்ரிலில், ஜோர்ஜியா ஒருநாள் உறுப்பினராகும் என நேட்டோ மாநாடு வாக்களித்தது, நாள் குறிக்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் ரஷ்யப் படைகள் அச்சிறு நாட்டினுள் புகுந்தன. உறுப்பு நாடொன்று தாக்கப்பட்டால் அனைத்தும் தாக்கப்பட்டதாகக் கொள்ளும் ஐந்தாம் உறுப்புரை பங்காளிக்கு உரியதன்று. நேட்டோ கண்டித்தது, களத்துக்கு வரவில்லை. ஆயினும் நேட்டோவின் ஆப்கானிஸ்தான் போரில் 30க்கு மேற்பட்ட ஜோர்ஜியப் போர்வீரர் மாண்டனர்.

ரஷ்யாவின் ஆக்கிரமிப்பை நாம் மன்னிக்கவில்லை. ஆனால், குருதி கொடுப்பவனுக்குக் காப்பும் இல்லை, முடிவெடுக்கும் சபையில் ஆசனமும் இல்லையெனில், அதனைப் பங்காண்மை என்றழைக்க நாம் தயாரில்லை. கூலியாளுக்காவது மாலையில் கூலி உண்டு; இப்பங்காளிக்குக் கிடைத்தது தவணை மட்டுமே.