ஊர்ப் பேச்சுக்கு ஏன் கூச்சம்?

நெய்வேலி டவுன்ஷிப்பைத் தாண்டினால் முந்திரிக்காடும் கிராமங்களும்தான். அங்கிருந்து பஸ் ஏறிக் கல்லூரிக்கு வரும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் பலருக்கு, வகுப்பில் எழுந்து வாசிப்பதென்றாலே உதறல். ஊர்ப் பேச்சு எட்டிப் பார்த்தால் சிரிப்பார்களோ என்ற கூச்சம்!

அவர்கள் தேடிப் படிக்க வேண்டியவர் கண்மணி குணசேகரன். விருத்தாசலம் பக்கம் மணக்கொல்லைக்காரர். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே 'அஞ்சலை' நாவலை எழுதியவர். இந்த வட்டார மக்கள் பேசும் சொற்களைத் திரட்டி 'நடுநாட்டுச் சொல்லகராதி'யும் தந்திருக்கிறார்.

அம்மா பேசும் சொல்லே அகராதியில் ஏறியிருக்கும்போது, வகுப்பில் ஏன் குரல் தாழ வேண்டும்? மேடைத் தமிழையும் கற்றுக்கொள்ளுங்கள், அது வளர்ச்சி. அதற்காக வீட்டுத் தமிழை ஒளிக்க வேண்டியதில்லை.

அடுத்தமுறை நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்குப் போனால் 'அஞ்சலை'யைத் தேடுங்கள். தினமும் பத்து நிமிடம் வீட்டில் வாய்விட்டுப் படியுங்கள். வகுப்பில் தானாகக் குரல் எழும்!