பாட்டு கேட்கறது... தம்புரா எங்கே மாமி?

சனிக்கிழமை காலை 5.30 மணி. மயிலாப்பூர் மாட வீதியில் இன்னும் விடியவில்லை. கபாலீஸ்வரர் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஓர் அடுக்குமாடி வீட்டில், பாட்டு மாமி ஒருவர் காபியை முடித்துவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். திரைக்கு அந்தப் பக்கம் நியூஜெர்சி. அங்கே வெள்ளிக்கிழமை இரவு 7 மணி. பத்து வயதுச் சிறுமி பள்ளிக்கூடம், ஹோம்வொர்க், சாப்பாடு எல்லாம் முடித்துவிட்டுப் பாட வந்திருக்கிறாள்.

"மாமி, நீங்க பாடறது கேட்கறது. தம்புரா மட்டும் வந்து வந்து போறது" என்கிறாள் அவள்.

மாமிக்கு வேறு கவலை. "கார்வையைப் பிடிச்சு நிறுத்துடி கண்ணா. ஒவ்வொரு தடவையும் பாதியிலேயே விட்டுடறே. மூச்சுப் பயிற்சி பண்றியா, இல்லையா?"

"பண்றேன் மாமி. நிறுத்தித்தான் பாடறேன்."

இரண்டு மாதமாக இதே கதை. குழந்தை பொய் சொல்கிறாள் என்று மாமி நினைத்தார். மாமிக்கு வயதாகிவிட்டது, காது சரியில்லை என்று நியூஜெர்சியில் அம்மா நினைத்தார். வேறு டீச்சர் பார்க்கலாமா என்கிற பேச்சுகூட அங்கே வந்துவிட்டது. 1978 முதல் நடக்கும் கிளீவ்லேண்ட் தியாகராஜ ஆராதனையின் போட்டிகளில் பாடவேண்டும் என்பது அங்கே வளரும் பல குழந்தைகளின் கனவு. அதற்குத் தயாராகும் பெண்ணுக்குக் கார்வை நிற்கவில்லை என்றால் கவலை வரத்தானே செய்யும்!

மாமா தன் வழியில் வைத்தியம் பார்த்தார். ரிச்சி தெருவுக்கு ஆட்டோ பிடித்துப் போய்ப் புது வெப்கேம் வாங்கி வந்தார். படம் பளிச்சென்று ஆனது, தம்புரா வரவில்லை. பிராட்பேண்டை அதிக வேகத் திட்டத்துக்கு மாற்றினார். மாத பில் ஏறியது, தம்புரா அப்போதும் வரவில்லை. "அமெரிக்காவிலே நெட் சரியில்லை போலிருக்கு" என்பதுதான் அவருடைய கடைசித் தீர்ப்பு.

மயிலாப்பூருக்கும் வீடியோ காலுக்கும் உறவு இன்று நேற்று வந்ததல்ல. ஸ்கைப் 2003-ல் அறிமுகமானது. அதற்கப்புறம் சில ஆண்டுகளிலேயே வெளிநாட்டுச் சிஷ்யர்களுக்கு 'ஸ்கைப் கிளாஸ்' எடுப்பது இங்கே பல வித்வான்களின் வீட்டில் சகஜமாகிவிட்டது. 'திரையில் என்ன பாட்டு வேண்டிக்கிடக்கு' என்று ஒதுங்கியிருந்தவர்களையும் 2020 ஊரடங்கு இழுத்து வந்தது. அந்த மார்கழியில் மியூசிக் அகாடமியே தன் விழாவை இணையத்தில்தான் நடத்தியது. 2025 மே 5-ம் தேதி மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஸ்கைப்பை மூடியதும், மிச்சமிருந்தவர்களும் ஜூம், கூகுள் மீட், வாட்ஸ்அப் என்று மாறிக்கொண்டார்கள். நம் மாமி ஜூமுக்கு மாறினார். சிக்கல் ஆரம்பித்தது அங்கேதான்.

கடைசியில் நோயைக் கண்டுபிடித்தவர் மாடி வீட்டு இன்ஜினீயரிங் மாணவர். பத்து நிமிடம் ஓரமாக நின்று வகுப்பைக் கேட்டார். "மாமி, நெட்டும் நல்லாத்தான் இருக்கு, மைக்கும் நல்லாத்தான் இருக்கு. தம்புராவை மின்விசிறின்னு நினைச்சு சாஃப்ட்வேர் அழிக்குது" என்றார்.

அவர் சொன்னது விளையாட்டில்லை. வீடியோ சாட் மென்பொருள்கள் எல்லாம் பேச்சுக்காக உருவானவை. பேச்சு ஏறும், இறங்கும், நடுவில் நிற்கும். மாறாமல் ஒரே சீராக ஒலிப்பது எதுவாக இருந்தாலும் அது ஃபேன், ஏசி, மிக்ஸி வகையறா என்று முடிவுகட்டி மென்பொருள் அதை வடிகட்டிவிடுகிறது. அலுவலக மீட்டிங்குக்கு இது வரப்பிரசாதம். சங்கீதத்துக்கோ ஆதாரமே அந்தச் சீரான ஒலிதான். தம்புராவின் வேலையே மாறாமல் ஒலிப்பது. ஸட்ஜமத்தில் குரலை அசையாமல் நிறுத்தினால், இரண்டு மூன்று விநாடிகளில் அதுவும் இரைச்சல் பட்டியலில் சேர்ந்து, மெல்லத் தேய்ந்து மறைந்துவிடும். எவ்வளவு சுத்தமாகக் கார்வை பிடிக்கிறாளோ அவ்வளவு சீக்கிரம் குழந்தையின் குரல் அழியும். நன்றாகப் பாடியதற்குத்தான் அவள் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஜூமில் இதற்கு மாற்று வழி இருக்கிறது. செட்டிங்ஸ் போய் 'ஆடியோ' பகுதியைத் திறந்தால், 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்று ஒரு தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, அதற்குக் கீழே 'ஹை ஃபிடெலிட்டி மியூசிக் மோட்' என்பதையும் டிக் செய்ய வேண்டும். இதோடு வேலை முடிந்துவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. வகுப்பு தொடங்கியதும் திரையின் மேல்பக்கம் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒரு பட்டன் தெரியும். அது 'ஆன்' என்று காட்டுகிறதா என ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

இன்னொரு திருடன் விண்டோஸுக்குள்ளேயே ஒளிந்திருப்பான். டாஸ்க்பாரில் உள்ள ஸ்பீக்கர் படத்தை ரைட் கிளிக் செய்து 'சவுண்ட் செட்டிங்ஸ்' போங்கள். 'இன்புட்' பகுதியில் உங்கள் மைக்கைத் தொட்டால், விண்டோஸ் 11-ல் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்று ஒன்று வரும். அதை 'ஆஃப்' செய்துவிடுங்கள். ஜூம் விட்டுவைத்ததை இது தின்றுவிடும்.

இதையெல்லாம் மாமியின் கம்ப்யூட்டரில் செய்ததும் நியூஜெர்சியில் தம்புரா கணீரென்று கேட்டது. மாமிக்கு மட்டும் குழந்தையின் கார்வை பழையபடி அறுந்தே வந்தது. காரணம் எளிமையானது. இரைச்சலை வடிகட்டும் வேலை, பேசுகிறவரின் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. அங்கே அழிந்த ஒலியை இங்கே எந்த செட்டிங்கும் மீட்டுத் தராது. நியூஜெர்சி அம்மாவை அழைத்து, அங்கேயும் அதே பட்டன்களைத் தட்டச் சொன்னார்கள். அடுத்த ஸட்ஜமத்தில் குழந்தை நிறுத்தினாள். மாமி விரல் விட்டு எண்ணினார். எட்டு எண்ணிக்கை தாண்டியும் குரல் அசையவில்லை.

"இத்தனை நாளும் இப்படித்தான் பாடினியா?"

"ஆமா மாமி."

கொஞ்ச நேரம் மாமி ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அடுத்த வரிக்குப் போனார்.

யார் பக்கம் கோளாறு என்று கண்டுபிடிக்கும் இந்த வித்தை பாட்டு வகுப்புக்கு மட்டுமானது இல்லை. அடையாறு காந்தி நகரில் ஒரு பாட்டி பேரனோடு பேசும்போதெல்லாம் தன் குரலே எதிரொலித்துத் திரும்பி வருகிறது என்று தன் லேப்டாப்பைச் சர்வீஸுக்குக் கொடுத்தார். லேப்டாப்பில் ஒரு பழுதும் இல்லை. உங்கள் குரல் உங்களுக்கே எதிரொலித்தால், குற்றவாளி பெரும்பாலும் எதிர்முனைதான். அங்கே ஸ்பீக்கரில் வரும் உங்கள் குரலை அங்கேயுள்ள மைக் மறுபடி பிடித்து அனுப்புகிறது. பேரன் ஹெட்போன் மாட்டினால் பாட்டிக்கு எதிரொலி போய்விடும். ஒரே அறையில் போன், லேப்டாப் இரண்டிலும் ஒரே காலில் சேர்ந்திருந்தாலும் இந்தக் கூத்து நடக்கும். ஒரிஜினல் சவுண்ட் போட்டவர்களுக்கும் ஹெட்போன் அவசியம். அதில் எதிரொலியைத் தடுக்கும் வசதி தனியாக டிக் செய்யாவிட்டால் வேலை செய்யாது.

கேமரா விஷயம் இதைவிடச் சுலபம். தி.நகரில் ஒரு வீட்டில் தீபாவளிப் புடவையை மகளுக்குக் காட்டலாம் என்று உட்கார்ந்தால், திரை முழுக்கக் கறுப்பு. லேப்டாப் கேமராவுக்கு மேலே நகம் அகலத்தில் இருந்த மூடியை யாரோ தள்ளி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். மூடி திறந்திருந்தும் படம் வரவில்லையென்றால், கேமராவை வேறொரு செயலி பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் 'பிரைவசி' பகுதிக்குள் கேமரா அனுமதி அணைந்திருக்கலாம். பிரவுசரில் பேசுகிறவர்கள் முகவரிப் பட்டையின் இடது ஓரத்துச் சின்னத்தைத் தட்டி அங்கேயும் அனுமதி கொடுக்க வேண்டும்.

படமும் குரலும் திக்கித் திக்கி வந்தால்தான் இணைப்பைச் சந்தேகப்பட வேண்டும். ஜூமில் இருவர் மட்டும் நல்ல தரத்தில் பேச நொடிக்கு 600 கிலோபிட் போதும். இன்றைய ஃபைபர் இணைப்புகளுக்கு இது கொசுறு. ஆனால் ஹாலில் டிவிக்குப் பின்னால் ரௌட்டர், இரண்டு கனமான சுவர் தாண்டி பூஜை அறைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் என்றால், வழியிலேயே வைஃபை களைத்துவிடும். திட்டத்தை மாற்றுவதற்கு முன் ஒரு லேன் கேபிள் வாங்கி நேராகச் செருகிப் பாருங்கள்.

ஒரே ஒரு விஷயத்துக்கு மருந்து கிடையாது. மாமி தாளம் போட, குழந்தை கூடவே பாடினால் இருவருக்கும் ஒத்தே வராது. சென்னையிலிருந்து நியூயார்க் பக்கம் 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில்தான் ஓடும். போய்த் திரும்பவே நொடியில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஆகும். கேபிள் சுற்றிப் போவது, மென்பொருளின் வேலை எல்லாம் சேர்ந்தால் தாமதம் இன்னும் கூடும். குழந்தை சரியாகத்தான் தட்டுவாள், மாமிக்கு அது காலப்பிரமாணம் இழுப்பதாகத் தெரியும். சேர்ந்து பாடுவதை விட்டுவிட்டு, மாமி ஒரு முறை, சிஷ்யை ஒரு முறை என்று மாறி மாறிப் பாடுவதும், தாளத்தைப் பாடுகிறவரே போட்டுக்கொள்வதும்தான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

இதற்கு நடுவே மாமா இன்னொரு காரியமும் செய்யப் பார்த்தார். கூகுளில் 'ஜூம் கஸ்டமர் கேர்' என்று தேடி, வந்த எண்ணுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் இருந்தவர் இனிக்க இனிக்கப் பேசி, ஒரு செயலியை இறக்கச் சொல்லி, அதில் வரும் எண்ணைக் கேட்டார். "அதைச் சொன்னா உங்க கம்ப்யூட்டர் அவர் கைக்குப் போயிடும் மாமா. நெட் பேங்கிங்கும் அதுலதானே பண்றீங்க?" என்று மாடி வீட்டு மாணவர்தான் தடுத்தார். உதவி எண்ணைத் தேடலில் எடுக்காமல், அந்தந்தச் செயலிக்குள் இருக்கும் 'ஹெல்ப்' பகுதியிலேயே பாருங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறிக்கொண்டிருக்கும்.

மாமியின் கம்ப்யூட்டர் திரை ஓரத்தில் இப்போது ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறது. 'ஒரிஜினல் சவுண்ட் ஆனா?' என்பது முதல் வரி. இரண்டாவது வரி அமெரிக்கக் கடிகாரத்தைப் பற்றியது. மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் அங்கே ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்திவிடுவார்கள். 5.30 மணி வகுப்பு 4.30 ஆகிவிடும். காபியை ஃபிளாஸ்க்கில் போட்டு வைக்கும் பொறுப்பு மாமாவுக்கு.