பால்மாவோடு வராத கணக்கு

2013 ஆகஸ்டில் எங்கள் கடைத் தட்டுகளிலிருந்து நியூசிலாந்துப் பால்மாப் பைக்கற்றுகள் இறக்கப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். ‘டி.சி.டி.’ கலந்திருக்கிறதாம் என்றார்கள். பிள்ளைக்கு எதைக் கரைத்துக் கொடுப்பது என்று தாய்மார் தவித்தார்கள். பிறகு அதுவும் பழங்கதையாயிற்று. அந்த இரசாயனத்தை அங்கே புல்லில் எதற்காகத் தெளித்தார்கள் என்று மட்டும் நாங்கள் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் பதில் மாட்டின் சலத்தில் போய் நின்றிருக்கும். கறவை மாடு ஒன்று நாளுக்குப் பத்துத் தடவையாவது சலம் விடும். தடவைக்கு ஏறக்குறைய இரண்டு லீட்டர். சுளகளவு தரையில் அப்படிக் கொட்டும் நைதரசனை ஹெக்டேருக்குக் கணக்குப் பார்த்தால் பல நூறு கிலோ வரும். எந்தப் புல்லும் அவ்வளவைக் குடிக்காது. மிச்சம் நைத்திரேற்றாகி, மழையோடும் பாசன நீரோடும் கீழே இறங்கும். மண்ணின் பக்றீரியாக்கள் நைதரசனை நைத்திரேற்றாக்குவதைத் தாமதிக்கச் செய்வதுதான் டி.சி.டி.யின் வேலை. நிலத்தடி நீரைக் காப்பதும் அதைத் தெளித்ததன் நோக்கம். பாலில் அதன் சுவடு தெரிந்ததும் பசளைக் கம்பனிகள் 2013 ஜனவரியிலேயே விற்பனையை நிறுத்திவிட்டன. பாலின் பெயர் தப்பியது. சலம் வழமைபோல இறங்கிக்கொண்டிருந்தது.

இறங்குவதற்கு நியூசிலாந்தின் கன்டபரிச் சமவெளியைவிட வசதியான இடம் கிடைக்காது. பருக்கைக்கல் நிலம், ஊற்றிய தண்ணீர் நிற்காது. முன்பு செம்மறி மேய்ந்த அந்தக் காய்ந்த தரையைப் பாசனத்தால் பச்சையாக்கினார்கள். 1990இல் ஒரு இலட்சத்தைச் சற்றுத் தாண்டியிருந்த பால்மாடுகள் முப்பது வருடத்துக்குள் பத்து மடங்குக்கு மேல் பெருகின. அங்கே குடிநீருக்கான எல்லை, லீட்டருக்கு 11.3 மில்லிகிராம் நைத்திரேற்று நைதரசன். கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம்பாரிக்கும் நோயை வைத்து வகுத்த எல்லை அது. தண்ணீரைக் கொதிக்கவைத்தும் பயனில்லை. ஆவி போகப் போக நைத்திரேற்றின் செறிவு கூடும்.

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் கிணறு வெட்டிக் குடிக்கும் எங்களுக்கு இது அந்நியக் கதையல்ல. அங்கே மாடு, இங்கே தோட்டத்து யூரியாவும் மலக்குழியும்.

நியூசிலாந்து அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2021 ஜூலை முதல் மேய்ச்சல் நிலத்துக்கு இடும் செயற்கை நைதரசனுக்கு ஹெக்டேருக்கு வருடம் 190 கிலோ என்று உச்சவரம்பு வந்தது. ஆனால் அது உர மூட்டையை எண்ணுகிறது, மாட்டை அல்ல. மாட்டைக் குறை என்று சொல்ல அங்கே பல அரசியல்வாதிகளுக்கு வாய் வராது. நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் முதலிடம் பாலுக்கு. எனக்கு அது விளங்குகிறது. விளங்காதது, கிணற்றுக்கு வடிகட்டி பூட்டும் செலவு ஏன் பால் கறக்காத வீட்டுக்காரன் தலையில் விழவேண்டும் என்பதுதான்.

2025 ஜூலையில் தெற்கே கோர் நகரத்தின் குழாய்த் தண்ணீரே எல்லையைத் தாண்டி, குடிக்கவேண்டாம் என்று சபை அறிவித்தது. செப்டெம்பரில் கன்டபரிப் பிராந்திய சபை ‘நைத்திரேற்று அவசரநிலை’ என்று பிரகடனம் செய்தது. ஆதரவாக 9 வாக்கு, எதிராக 7. அன்று மேய்ந்த மாடுகளின் சலம் ஆழக் கிணறுகள் சிலவற்றுக்குப் போய்ச்சேர இன்னும் பல வருடம் இருக்கிறது.